கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம். மைசூரில் தசரா கூட்டமெல்லாம் வடிந்து, அக்ரஹாரத்தில் நிம்மதியாக ஸ்கூட்டர் ஓட்ட முடிகிற நாள்கள். அங்கே ஒரு பல் மருத்துவமனையில் நான் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எந்த நேரம், யாருக்கு எந்த டாக்டர் என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுத்தே, எதையும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்கிற புத்தி எனக்கு ஊறிப்போய்விட்டது. மேல்கோட்டைக்குப் போய்த் திரும்புவதென்றால்கூட முதல் நாளே எந்த பஸ், எங்கே டிபன் என்று முடிவு செய்துவிடுவேன். "நீ பொறக்கறப்பவும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் பொறந்திருப்ப" என்பார் என் கணவர்.

அப்படிப்பட்ட என்னைத் தலைகால் புரியாமல் சுற்றவிட்டது ஒரு கப்பல் பயணம்.

பயணம் எனக்காக இல்லை, என் அக்காவுக்காக. ஹனூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மானாவாரிக் காடு, ராகி, கொஞ்சம் கொள்ளு, இரண்டு மாடு. கடலை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், எங்கள் அப்பாவின் காரியத்துக்கு ராமேஸ்வரம் போனபோது. அன்றைக்கும் எல்லோருடைய பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டாள். அந்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கைப்பேசியில் உல்லாசக் கப்பல் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டாள்: "ஏங்கண்ணு, இதுல நம்மளாட்டம் ஆளுங்களையெல்லாம் ஏத்துவாங்களா?"

எனக்கு நினைவு தெரிந்து அக்கா தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே தேவராஜ மொஹல்லாவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் படியேறிவிட்டேன்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அக்காவால் எப்போது வர முடியும் என்று யோசித்தால், வருடத்தில் ஒரு சின்ன சந்து மட்டும்தான் தெரிந்தது. ராகிக்குக் களையெடுத்து முடித்த பிறகு, அறுவடைக்கு முன்னால். கார்த்திகையில் அவள் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். தையில் குழந்தை. அதற்குப் பிறகு அக்காவை யார் விடுவார்கள்? வைகாசிக்குள் மழைக்காலம் வந்து கப்பல்கள் நின்றுவிடும். ஆக, ஐப்பசி மட்டும்தான். ஐப்பசி என்றால் புயல் காலம்.

டிராவல்ஸ்காரர் நல்ல மனிதர்தான். தர்மஸ்தலா, திருப்பதி என்று வாழ்நாள் முழுக்க பஸ் அனுப்பியவர், கப்பல் அவருக்கும் புதிது. கொச்சியிலிருந்து கிளம்பி லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும் கப்பல் ஒன்று இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டாம் என்றார். புயல் வருமா என்று கேட்டால் மட்டும் கையை விரித்தார். "மேடம், சமுத்ரா அல்வா. ஹேளக்காகல்ல." கடல் இல்லையா, சொல்ல முடியாது என்கிறார். அடுத்த ஒரு மாதம் நான் என்ன கேட்டாலும் அவர் வாயில் அந்த 'ஹேளக்காகல்ல'தான் வந்தது.

நானும் விடவில்லை. ஐப்பசிக் கடைசியில் கிளம்புகிற கப்பலில் எனக்கும் அக்காவுக்கும் சீட்டுப் போட்டேன். கைப்பேசியில் மூன்று வானிலைச் செயலிகளை இறக்கிக்கொண்டேன். ஒன்று வெயில் என்றது, ஒன்று இடி என்றது, மூன்றாவது ஒரு மேகத்தைப் போட்டு அதன் பின்னாலிருந்து சூரியனை எட்டிப் பார்க்க வைத்தது. ஒரே பல்லை மூன்று டாக்டர்களிடம் காட்டிய மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம்கூட, "உங்க ஊர்ப்பக்கம் மேகம் எப்படி?" என்று கேட்கத் தொடங்கிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மைசூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிப் பயம் கிடையாது. வங்கக் கடலில் புயல் என்றால் எங்களுக்கு மூன்று நாள் தூறல், சிலுசிலு காற்று, சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி. என் கணவருக்குப் புயல் செய்தி கேட்டாலே நாக்கு ஊறும். நானும் அப்படி இருந்தவள்தான். இப்போதுதான் முதல் தடவையாக வரைபடத்தை உற்றுப் பார்த்தேன். வங்கக் கடலில் உருவாகிற தாழ்வு மண்டலம் தமிழ்நாட்டைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேலே வந்து, அந்தப் பக்கம் அரபிக் கடலில் இறங்கி, லட்சத்தீவுக்குப் போகுமாம். சரியாக நம் கப்பல் போகிற பாதை! தெருமுனைப் பிள்ளையாரிடம் போய் நின்றேன். அந்த ஒரு வாரம் மட்டும் எந்தப் புயலும் வராமல் பார்த்துக்கொள், தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

தீவுக்குள் நுழைய அனுமதி வாங்க அக்காவின் போட்டோவும் ஆதார் நகலும் வேண்டும் என்றார் டிராவல்ஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலம் போய் அங்கிருந்து வேறு பஸ் மாறி, அக்கா ஊரில் இறங்கினேன்.

வீடு பூட்டியிருந்தது. தெருவில் ஆண்களையே காணோம். மாரியம்மன் கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டு அங்கே போனால், ஊர்ப் பெண்களெல்லாம் கூடியிருக்கிறார்கள். நடுவில் என் அக்கா, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இடுப்பில் ஒரு சட்டியோடு நிற்கிறாள். எனக்கு ஒரு நிமிடம் பகீரென்றது.

"வந்துட்டியா கண்ணு? வா வா, நீயும் வந்து நில்லு. மழச்சோறு எடுக்கறோம்" என்றாள்.

வரும் வழியில் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் எதுவும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை. இப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாகப் பொட்டு மழை இல்லை. ராகி கதிர் தள்ளுகிற நேரம். தோகையெல்லாம் சுருண்டு நிற்கிறது. இந்தச் சமயத்தில் ஒரு நல்ல மழை கிடைக்காவிட்டால் கதிர் பதராகிவிடும். அக்காவின் வருடச் சாப்பாடும், மகளின் பிரசவச் செலவும் அந்தக் கதிரில்தான் இருந்தது.

மழைச்சோறு என்பது மழை கேட்டு அந்த ஊர்ப் பெண்கள் செய்கிற சடங்கு. வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறும் களியும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, கோயில் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழை இல்லாத ஊரில் எப்படிப் பிழைப்பது, நாங்கள் போகிறோம் என்று அழுதபடி ஊர் எல்லை வரைக்கும் நடப்பார்கள். எல்லையில் ஆண்கள் காத்திருந்து, போகாதீர்கள், மழை வரும் என்று சொல்லித் திருப்பி அழைத்து வர வேண்டும். ஊரில் பெண்கள் இல்லாமல் போவதைப் பொறுக்க மாட்டாமல் மழை இறங்கி வருமாம்.

நான் மறுக்க முடியுமா? உட்கார்ந்து அந்த உப்பில்லாச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன். பையில் கப்பல் சீட்டு இருக்கிறது. மழை வேண்டாம் என்று பிள்ளையாரிடம் ஒரு மனு, மழை வேண்டும் என்று மாரியம்மனிடம் ஒரு மனு. இரண்டிலும் என் பெயர்! மேலே யாராவது இதையெல்லாம் ஒத்துப் பார்க்கிறார்களா என்று பயமாக இருந்தது.

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பெண்களும் அழுதபடி நடந்தார்கள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. என் முன்னால் போனவள் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சீட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்டாள். எல்லை, தார் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல். அங்கே ஆண்கள் வரிசையாக நின்று வழி மறித்தார்கள். என் மாமாவும், அதாவது அக்காவின் கணவரும், அங்கே இருந்தார். "போவாதீங்க தாயி, மழ வருது, திரும்பி வாங்க" என்று அவர்கள் கைகூப்ப, பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அக்கா திரும்பவில்லை.

மாமாவைத் தாண்டினாள். கல்லைத் தாண்டினாள். தார் ரோட்டில் ஏறி, பஸ் நிற்கிற பக்கம் பார்த்து நடந்தாள். வேகமாக எல்லாம் இல்லை, வழக்கமாகக் காட்டுக்குப் போகிற நடைதான். நானும் இரண்டு பெண்களும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தோம். திரும்பிய முகத்தில் கண்ணீர் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தது. "நம்மூர்லயே இவதான்டி சரியா அழுதா, இந்நேரத்துக்கு மழ கெளம்பியிருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அக்காவும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மூட்டையை நான் வாங்கித் தூக்கி வந்தேன். மற்றவர்களெல்லாம் மூட்டைக்குள் வைக்கோலும் கந்தல் துணியும்தான் திணித்திருந்தார்கள். வீட்டில் கொண்டுபோய் அக்காவுடையதை அவிழ்த்தால், கப்பலுக்கென்று நான் வாங்கிக் கொடுத்திருந்த புதுச் சேலை, தைத்து வாங்கிய ரவிக்கை, சீப்பு, துண்டு, தலைவலித் தைலம்.

"என்னக்கா இது?" என்றேன்.

"மூட்ட கட்ட வேற துணி கெடைக்கல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

அவள் எதற்காக அழுதாள்? ராகிக்கா, கப்பலுக்கா, வேறு எதற்காவதா? சும்மா சடங்குக்குத்தான் அழுதாளா? மைசூர் வந்து சேரும்வரை எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாளாவது கிளம்பிப் போக வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்குமோ என்று நினைத்ததும் பஸ்ஸிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா கெட்டவர் இல்லை. "தண்ணியில போய்ப் பாக்கறதுக்கு என்ன கெடக்குது" என்று கேட்பவர், அவ்வளவுதான்.

மறுவாரம் மூன்று செயலிகளும் முதல் தடவையாக ஒரே மாதிரி பேசின. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். டிராவல்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார். தேதியை மாற்றுவதென்றால் இன்று மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், மாசி மாதத்தில் இடம் இருக்கிறதாம். அதற்கப்புறம் கம்பெனி கேட்காதாம்.

மாசியில் அக்கா கைக்குழந்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மாற்றாமல் விட்டு, நடுக்கடலில் புயல் பிடித்தால்? புயல் வேண்டாம் என்று இனி நினைக்கலாமா? அதுதானே ராகிக்கு மழை! என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சும்மா தல உடைச்சுக்காத. மாசிக்கு மாத்திடு. உங்கக்காவக் கேட்டா கப்பலே வேண்டாம், மழ வந்தாப் போதும்னுதான் சொல்லப்போறாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இருந்தாலும் அக்காவுக்குப் போன் போட்டேன். காட்டில் இருந்தாள். கிழக்கே கருக்கல் கட்டியிருக்கிறது, காற்று நின்றுபோச்சு என்று குரலே மாறிப் பேசினாள். நான் விஷயத்தைச் சொல்லி, "கப்பல மாசிக்கு மாத்திடட்டுமாக்கா? மழைதான முக்கியம்?" என்றேன்.

அக்கா சொன்னாள்: "ஏங்கண்ணு, எப்பப் பார்த்தாலும் ஒண்ணக் குடுத்துட்டுத்தான் இன்னொண்ண வாங்கோணுமா? எனக்கு ரெண்டும் வேணும்."

"அக்கா..."

"மழையும் வரோணும், கப்பலும் போகோணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. நீதான் படிச்சவ."

"அதெப்படிக்கா முடியும்? அந்த மழையேதான் கப்பல் போற வழிக்கு வருது!" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"முடியாட்டிப் போகுது. எனக்கு வேணுங்கறத நான் சொன்னேன்."

வைத்துவிட்டாள். எதிரே ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, மாற்ற வேண்டாம் என்று டிராவல்ஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போதும் தெரியவில்லை. சாயங்காலம் பிள்ளையாரிடம் போய், "போன தடவ சொன்னத அடிச்சிடு, ரெண்டும் வேணுமாம், நீயே பாத்துக்கோ" என்றேன். அவரும் ஹேளக்காகல்ல என்றுதான் உட்கார்ந்திருந்தார்.

தூறல் ஆரம்பித்தது. மைசூர் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். கணவர் வழக்கம்போல பஜ்ஜிக்குக் கடலைமாவு வாங்கி வந்தார். எனக்கு வாணலிக்கு முன்னால் நின்றுகொண்டே அழுகை வந்தது. மாமா போன் செய்தார். இரண்டு நாளாக நல்ல மழை, காடெல்லாம் தண்ணீர் நிற்கிறது, கதிர் பிழைத்துக்கொண்டது என்று ஒரே சந்தோஷம். அவர் வைத்த கொஞ்ச நேரத்திலேயே டிராவல்ஸ்காரர். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பல் கிளம்பவில்லையாம், பயணம் ரத்து. பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களாம்.

அக்காவுக்குச் சொல்லலாம் என்றால் லைன் கிடைக்கவில்லை. அதற்குள் மழையில் அங்கே கரண்ட் போயிருந்தது. மாமாவுக்குப் போட்டாலும் அதே கதை. அன்று முழுக்க முயன்று ஓய்ந்துபோனேன்.

மறுநாள், அதாவது நாங்கள் கொச்சிக்குக் கிளம்ப வேண்டிய நாள், காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. புதுச் சேலையின் கரையெல்லாம் சேறு, கையில் ஒரு பை.

"அக்கா, கப்பல்..." என்றேன்.

"போவாதுன்னு தெரியும். அந்தப் பேய் மழ பெய்யறப்பவே தெரியும்" என்று காலைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். "ஆனாப் பொறப்படற நாளு இன்னைக்குத்தான? பொறப்பட்டுட்டேன். இந்த வாட்டி எல்லையில ஒருத்தரும் மறிக்கல. அவங்க அவங்க காட்டப் பாக்கப் போயிட்டாங்க."

காபி குடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: "கப்பல்ல ஏறுனா என்ன வேல இருக்கும்?"

"ஒரு வேலையும் இருக்காது. சாப்பாடு வரும், சாப்பிடலாம், தூங்கலாம். வெளிய பாத்துட்டே உக்காந்திருக்கலாம்."

"அப்ப அதையே இங்க பண்றேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. எங்கள் மாடி வீட்டு பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழே குடை பிடித்துப் போகிறவர்கள், தார்ப்பாய் மூடிய ஆட்டோக்கள், நனைந்துகொண்டு நிற்கிற ஒரு மாடு. எல்லாவற்றையும் கடல் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கமே வரவில்லை. ஒரு தடவை நான் பூண்டு உரிப்பதைப் பார்த்து அவள் கை தானாக நீண்டது. உடனே பின்னால் இழுத்துக்கொண்டு, "கப்பல்ல இதெல்லாம் செய்ய மாட்டாங்கல்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னைக் கேலி செய்தே பழகிய என் கணவர், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தட்டில் டீயோடு போய் பால்கனிக் கதவைத் தட்டினார். "வெய்யுங்க மாப்ள" என்று அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்.

மறுநாள் லைன் சரியாகி மாமா போன் செய்தார். கப்பல்தான் இல்லையே, எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். அக்கா நாற்காலியை விட்டு அசையாமல் பதில் சொன்னாள்: "கப்பல் இன்னும் கரைக்கு வரல. ஞாயித்துக்கெழமதான் வருதாம். அப்பத்தான் வருவேன்."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவரே ஹனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவளை அழைத்துப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ராகி நன்றாக விளைந்தது. பேரன் பிறந்தான். கப்பல் மட்டும் இன்னும் அமையவில்லை. அடுத்த வருடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இந்த வருடம் வேறு ஏதோ. ஐப்பசி வந்தால் நான் மறுபடி செயலிகளைத் திறக்கிறேன், மறுபடி ஒன்று வெயில் என்கிறது, ஒன்று இடி என்கிறது. நான் போட்ட திட்டம் தோற்றதா ஜெயித்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மழைக்கு நன்றி சொல்வதா, அதைத் திட்டுவதா என்றும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் யாரிடமும், முக்கியமாக என்னிடமே, இதுவா அதுவா என்று கேட்பதை விட்டுவிட்டேன். கொடுப்பதும் கொடுக்காததும் வானத்தின் இஷ்டம் என்றாலும், வேண்டியதைப் பாதியாக்காமல் முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது, அந்த பால்கனி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் அக்காதான்.